புகழ் வேறு, மானம் வேறு

(தேவாரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், நாடகமேடையும் விளம்பரமும் என்னும் விஷயமாய்ச் செய்யப்பட்ட சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் என்னைப்பற்றிச் சொன்ன புகழ் வார்த்தைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசிலும் என் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டங்கள் போட்டிருக்கிறார்கள். அவற்றை எனக்கு யார் எப்பொழுது கொடுத்தார்கள் என்பது எனக்கே தெரியாது. அச்சுக்கூடத்துக்காரர் கொடுத்திருக்கலாம். கூட்டம் சேரவேண்டுமே என்கிற கவலையில் போட்டிருப்பார்களே ஒழிய வேறு கெட்ட எண்ணம் இருக்காது. என்றாலும், இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது நோட்டீசைப்பற்றியே ஆனதால், அப்பட்டங்கள் இரண்டையும் முதலில் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். கிடைத்த புத்தகத்தைப் படித்தும், பெரியவர்கள் சொல்லக் கேட்டும் நாலு சங்கதி தெரிந்துகொண்டவன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். படாவிட்டால் இந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தோழர்களே! மழை இல்லை, விலைவாசி ஏறிக்கிடக்கிறது, இந்த நேரத்தில் நாடகத்தைப்பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். சித்திரை, வைகாசி பிறந்து ஊருக்கு ஊர் சாமி கும்பிடு வந்துவிட்டால், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வள்ளித் திருமணமும் அரிச்சந்திராவும் இன்றைக்கும் விடிய விடிய நடக்கின்றன. அது இங்கே வந்த கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. தண்ணீர் வந்தால் நெல். நெல் வந்தால் காசு. காசும் ரயிலும் சேர்ந்து வந்தால் கொட்டகை. கூத்து என்பது எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் டிக்கெட்டு வைத்து, வாசலில் ஆள் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வியாபார நாடகம் என்பது சுமார் நூற்றைம்பது வருஷத்துச் சரக்கேயாகும். வியாபாரம் வந்தவுடன் விளம்பரம் வந்தது. விளம்பரம் வந்தவுடன் புகழ் என்கிற புதுச்சரக்கு வந்தது. அந்தப் புகழ் யாருக்கு என்ன செய்தது என்பதே இன்றைய கேள்வி.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகழ் வேறு, மானம் வேறு. விளம்பரமானது ஒருவனுடைய பெயரைப் பெரிதாக்கும். அவனை மனிதனாக மதிக்கும்படி ஊரைத் திருத்தாது. நம்முடைய நாடகமேடையின் சரித்திரம் முழுவதும் இதற்குச் சாட்சி.

நோட்டீசின் மகிமை

பழைய நாடக நோட்டீசு எப்படி வந்தது என்பது இங்கேயிருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வண்டியில் தட்டி கட்டி, முன்னால் கொட்டு அடித்துக்கொண்டு தெருத்தெருவாய் வருவான். பச்சையும் சிவப்புமாய்க் காகிதத்தை வாரி இறைப்பான். வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடும். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து படிப்பான். தெரியாதவர் பத்துப்பேர் சுற்றி நின்று கேட்பார்கள். நம் பாமர மக்கள் பலர் அச்செழுத்தை முதன்முதல் ஆசையாய்க் கையில் வாங்கியது நாடக நோட்டீசாகவே இருக்கும். அந்த நன்றியை நாம் மறக்கக்கூடாது.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும்? கதையின் பெயர் நடுத்தரமான எழுத்தில் இருக்கும். ராஜபார்ட்டின் பெயர் ஆள் உயரத்துக்கு இருக்கும். அதற்கு முன்னால் சங்கீதம், கோகிலம், ரத்தினம், சிங்கம் என்று மாலை மாலையாய்ப் பட்டங்கள் இருக்கும். கதையை எழுதின வாத்தியார் பெயர் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. திரை இழுக்கிறவன், பெட்டி தூக்குகிறவன், விளக்குக்கு எண்ணெய் விடுகிறவன் பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கம்பெனி நாடகம் போய் ஸ்பெஷல் நாடகம் என்று வந்தபிறகு இது இன்னும் முற்றியது. ஒரே கம்பெனியில் ஒன்றாய்ச் சாப்பிட்டு ஒன்றாய் ஒத்திகை பார்த்த நடிகர்கள் போய், ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கி, அன்றிரவு மேடையிலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே கண்டிராக்டர் விற்றது கதையை அல்ல, பெயரை விற்றார். எந்தப் பெயருக்குக் கூட்டம் சேருமோ அந்தப் பெயருக்கு அதிகக் கூலி. எந்த இரண்டு பெயரைச் சேர்த்துப் போட்டால் போட்டிப் பாட்டு நடக்குமென்று ஊர் நம்புமோ, அந்த இரண்டு பெயருக்கும் அதைவிட அதிகம்.

பதக்கமும் அப்படியே. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மேடை ஏறி ராஜபார்ட் மார்பில் தங்கப் பதக்கம் குத்துவார். அன்று பதக்கம் வாங்கினவருக்கும் விளம்பரம், கொடுத்தவருக்கும் விளம்பரம். அந்தப் பதக்கங்களை நடிகர்கள் வேஷத்தின்மேலேயே குத்திக்கொண்டு நடிப்பார்கள். அரிச்சந்திரன் நாட்டை இழந்து, மனைவியை விற்று, சுடுகாட்டில் பிணத்துக்குக் காவல் நிற்பான். அவன் மார்பிலோ பத்துத் தங்கப் பதக்கம் மின்னும்! கால்பணத்துக்கும் முழத்துண்டுக்கும் மல்லுக்கு நிற்கிறானே, ஒரு பதக்கத்தை விற்றால் சங்கடம் தீர்ந்துபோகுமே என்று கேட்க அந்தக் கொட்டகையில் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? வந்தவர்கள் அரிச்சந்திரனைப் பார்க்க வரவில்லை. பதக்கம் வாங்கின பெயரைப் பார்க்க வந்தார்கள்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய விளம்பரம் வதந்தியாகும். தமிழ் நாடகத்துக்கு வாத்தியார் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மாண்டவர். அவர் இளமையில் சனீஸ்வரன் வேஷம் போட்டுக்கொண்டு நடித்துவிட்டு விடியற்காலையில் அதே வேஷத்தோடு வெளியே போனபோது, பார்த்த ஒரு பெண் பயந்து மாண்டாள் என்று ஒரு கதை. எமன் வேஷத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கர்ப்பம் கலைந்தது என்று இன்னொரு கதை. அதனால் அவர் வேஷம் போடுவதை விட்டார் என்பார்கள். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வாய்க்கு வாய் வளர்ந்தது என்று கணக்குப் பார்க்க இன்று வழியில்லை. ஆனால் இப்படி ஒரு கதை ஊரில் நடமாடினால் அடுத்த நாடகத்துக்கு டிக்கெட்டு மீதம் இருக்காது என்பது மாத்திரம் நிச்சயம். கோயில் மகிமை எப்படிப் பரவுகிறதோ, அந்த வழியாகவே கொட்டகை மகிமையும் பரவிற்று.

சீமையிலும் இதே கதை

இது நம் நாட்டு மூடத்தனம் மாத்திரமே என்று யாரும் எண்ணவேண்டாம். காசு வாங்கிக்கொண்டு நாடகம் ஆடும் தொழில் எங்கே முளைத்தாலும் இதுவும் கூடவே முளைத்திருக்கிறது. லண்டன் நகரில் 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் நாடகத்துக்கென்றே தனிக்கொட்டகை கட்டினார். நாடகம் உண்டு என்பதற்கு அடையாளமாய்க் கொட்டகைமேல் கொடி ஏற்றுவார்கள், எக்காளம் ஊதுவார்கள், தெருக் கம்பங்களில் நோட்டீசு ஒட்டுவார்கள். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் நடிகனுடைய யோக்கியதை என்ன தெரியுமா? 1572இல் போடப்பட்ட ஒரு சட்டப்படி, பிரபு ஒருவருடைய ஆதரவுச் சீட்டு இல்லாத நடிகன் ஊர்சுற்றிப் போக்கிரிகளோடு சேர்த்து எண்ணப்பட்டுத் தண்டிக்கப்படுவான். கூத்தாடி என்று நாம் இகழ்ந்ததை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

ஷேக்ஸ்பியருடைய கம்பெனியில் வில் கெம்ப் என்கிற பபூன் ஒருவர் இருந்தார். அவர் அந்தக் கம்பெனியை விட்டு விலகி, 1600ஆம் வருஷத்தில் லண்டனிலிருந்து நார்விச் என்னும் ஊர்வரை நூறு மைலுக்குமேல் நடனம் ஆடிக்கொண்டே போனார். ஆடின நாள் ஒன்பது. நடுநடுவே தங்கி இளைப்பாறியதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மாதம். வழியெல்லாம் ஜனங்கள் கூடினார்கள். அவர்மேல் பந்தயப் பணமும் கட்டப்பட்டிருந்தது. உடனே தெருப்பாட்டுக்காரர்கள் அவரைப்பற்றி இல்லாததையும் பொல்லாததையும் கட்டிப் பாடி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மறுப்பாக அவரே தம் பயணத்தை ஒரு சிறு புத்தகமாய் எழுதி அச்சிட்டார். நானூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி இது. தன் பெயரை விற்கப் புறப்பட்டவன், தன் பெயர் தன் கையை விட்டுப் போய்விட்டதென்று அழுகிற கதை. பெயர் சந்தைக்கு வந்துவிட்டால் அது பிறகு பெயருக்குரியவனுடைய சொத்தாய் இருப்பதில்லை.

மாவுப்பூச்சுக்குப் பின்னால் பட்டினி

நிற்க. இந்தப் புகழினால் வந்த லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று என்று பார்க்கவேண்டும். பாய்ஸ் கம்பெனி என்று பிள்ளைகளை வைத்து நாடகம் போடும் கம்பெனிகள் ஒருகாலத்தில் தமிழ்நாடு முழுவதும் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று பேர் பெற்ற டி. கே. சண்முகம் அதில் சேரும்போது அவருக்கு வயது ஆறு. வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் சோற்றுக்கு வழியென்று இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு வந்தார்கள். இரவு முழுவதும் மேடை, பகலில் பாடம். குரல் இனிமையாய் இருக்கிறவரையில் நோட்டீசில் பெயர் பெரிது. வயது வந்து மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்தால், நேற்றுவரை கிருஷ்ணனாய் இருந்தவன் இன்று கூட்டத்தில் ஈட்டி பிடித்து நிற்பான். குரலை விற்றுப் பணம் எடுத்தவர்கள், குரல் போனபின் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி என்று கவலைப்பட எந்த ஏற்பாடும் இருந்ததில்லை. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் தாங்களே சொந்தமாய்ச் சபை வைத்து நடத்தித் தப்பித்தார்கள் என்றால் அது லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற காரியம்.

வாத்தியாருடைய கதியும் பெரிதாய் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தை எழுதி முடித்தவர் என்று அவர் மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து வாய் பேசமுடியாமல் கிடந்து மாண்டார். அவர் எழுதிய பாட்டைப் பாடி எத்தனையோ பேர் பதக்கம் குத்திக்கொண்டார்கள்.

மயில்மேல் கடவுள், கீழே இறங்கினால் சாதி

தோழர்களே! இனி நான் சொல்லப்போவதைக் கவனமாய்க் கேட்கவேண்டுகிறேன். இதற்காகவே இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் குடியிருந்த விஸ்வநாததாஸ் என்பவரைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் காங்கிரஸ்காரர். நம்முடைய கொள்கைக்காரர் அல்லர். அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. வள்ளித் திருமணத்தில் முருகனாய் வந்து வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்கு என்று பாடியதற்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். அவர் பெயரைப் போட்டால் கொட்டகை நிறையும். போலீசும் வரும். போலீசு வருகிறது என்றால் இன்னும் அதிகமாய்க் கூட்டம் வரும். அவ்வளவு பெரிய பெயர்.

ஆனால் அவர் பிறந்தது மருத்துவர் வகுப்பில். நாவிதர் என்று ஊரார் தாழ்த்திச் சொன்ன வகுப்பு. ஆகவே என்ன ஆயிற்று? முருகனாய் வேஷம் போட்ட அவரோடு வள்ளியாய் நடிக்க, சாதியைக் காரணம் காட்டி ஸ்திரீபார்ட்டுகள் மறுத்தார்கள். கதையில் வரும் வள்ளி குறவர் வீட்டுப் பெண். முருகனோ சாதி பார்க்காமல் அவளைத் தேடிப்போய்க் கலியாணம் செய்துகொண்டவன் என்று கதை. சாதி பார்க்காத அந்தக் கலியாணத்தை மேடையிலே நடித்துக் காட்டுவதற்கே சாதி குறுக்கே வந்து நின்றதென்றால், இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன வேண்டும்? ஜனங்கள் அவரை மயில்மேல் உட்காரவைத்துக் கும்பிட்டார்கள். மயிலைவிட்டு இறங்கினால் அவர் மறுபடியும் நாவிதர். அச்சுக்கூடத்தில் இருந்த எழுத்திலெல்லாம் பெரிய எழுத்தை எடுத்து அவர் பெயரைப் போட்டும், அந்தச் சாதியை ஒரு மயிரிழை அளவுகூட மறைக்க முடியவில்லை.

1940 டிசம்பர் 31ஆம் தேதி இரவு சென்னையில் முருகன் வேஷத்தோடு மயில் வாகனத்தில் இருந்தபடியே உயிர் போயிற்று. கடனாளியாகவே மாண்டார். நாடு சுதந்திரம் அடைந்தபிறகு மண்டபம் கட்டினார்கள், சிலை வைத்தார்கள். நல்லது. சாகிறவரையில் சரிசமானமாய்ப் பக்கத்தில் நிற்க மறுத்துவிட்டு, செத்தபிறகு சிலைக்கு மாலை போடுவது நமக்குக் கைவந்த கலையாகும்.

பெண்ணுக்குக் கிடைத்த புகழ்

ஆணுக்கே இந்தக் கதி என்றால் பெண்ணுக்கு என்ன என்று சொல்லவேண்டியதில்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்பவர் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்தைப் பார்க்கத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் ராத்திரியில் ரயில் விட்டார்கள் என்றும், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்றே பெயர் வந்ததென்றும் நாடக உலகத்தார் எழுதியிருக்கிறார்கள். ரயிலுக்கே பெயர் கொடுத்த அம்மாள் கடைசியில் மதுரையில் வறுமையில் மாண்டதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ரயிலில் வந்தவர்களில் பெரிய மனிதர் எத்தனை பேர், ஜமீன்தார் எத்தனை பேர்! இரவில் அவர் பெயரைச் சொல்லி மயங்கினவர்கள் பகலில் அவரைத் தாசி என்று சொல்லி ஒதுக்கினார்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு ஒழிக்க 1947 வரைக்கும் ஆயிற்று. அதுவரையில் மேடைக்கு வந்த பெண்ணின் புகழ் என்பது அந்த இழிவுக்குமேல் பூசிய அரிதாரமே ஆகும்.

அடுத்தாற்போல் கொடுமுடி சுந்தராம்பாள் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைக் குடும்பத்தில் 1908இல் பிறந்து, தம் தொண்டை ஒன்றையே முதலாக வைத்து மேலே வந்தவர். செங்கோட்டை கிட்டப்பாவோ 1906இல் பிறந்து, சிறு பிள்ளையாயிருக்கும்போதே மேடை ஏறினவர். இருவரும் 1926 வாக்கில் கொழும்பில் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். அவர்கள் பாட்டு கிராமபோன் தட்டில் ஏறி, நாடகக் கொட்டகையே இல்லாத பட்டிக்காட்டுக்கும் போயிற்று. தெருவில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கண்டிராக்டர்களுக்கு அவர்களுடைய காதலும் சரக்கு, சண்டையும் சரக்கு. சேர்ந்திருந்தால் ஜோடி என்று நோட்டீசு; பிரிந்திருந்தால் மறுபடி சேர்ந்தார்கள் என்று நோட்டீசு.

கிட்டப்பா 1933 டிசம்பரில் 27ஆவது வயதில் இறந்துபோனார். அப்பொழுது சுந்தராம்பாள் அவர்களுக்கு வயது 25. அன்றைக்கு வெள்ளைப் புடவை உடுத்தினவர் 1980இல் தாம் இறக்கும்வரை 47 வருஷம் அதை மாற்றவில்லை. அது அவருடைய சொந்த விருப்பம். அதைக் குறைசொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமையில்லை. நான் கேட்பது வேறு. நம் பத்திரிகைகளும் மேடைகளும் அந்த வெள்ளைப் புடவையை எடுத்துக் காட்டி, இதுவே பெண்ணுக்கு லட்சணம் என்று எத்தனை வருஷம் புகழ்ந்தன! 1935இல் பக்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பேசி வாங்கினவர் அவர். அக்காலத்தில் எந்த ஆண்பிள்ளைக்கும் எளிதில் கிடைக்காத தொகை. ஒரு பெண் தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லி வாங்கினாள் என்பதைப் புகழ்ந்திருந்தால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தைரியம் வந்திருக்கும். அதைவிட்டு விதவைக் கோலத்தைப் புகழ்ந்தார்கள். மனைவியை இழந்த நடிகன் எவனுக்காவது 47 வருஷம் வெள்ளை வேஷ்டி கட்டினான் என்று பட்டம் கொடுத்ததுண்டா? ஆகவே, புகழ் என்பது வருகிறபோதுகூட ஊருக்கு எது சௌகரியமோ அதைப் பார்த்தே வருகிறது.

நோட்டீசின் கடைசி வரி

இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது. நோட்டீசின் தலையில் என்ன இருந்தது என்று இதுவரை சொன்னேன். அக்காலத்து நோட்டீசுகள் சிலவற்றின் அடியில், சின்ன எழுத்தில், பஞ்சமர்களுக்கும் பெருவியாதிக்காரர்களுக்கும் இடமில்லை என்கிற கருத்தில் ஒரு வரி இருந்தது. காசு கொடுத்தாலும் இடமில்லை! ஒரு வகுப்பில் பிறந்ததையும் ஒரு வியாதியையும் ஒரே வரியில் வைத்து அச்சடித்தார்கள். அச்சடித்தவனுக்கும் கை கூசவில்லை. படித்தவனுக்கும் வாய் கூசவில்லை.

அப்படிப்பட்ட நாளில் என்ன நாடகம் நடந்தது? அரிச்சந்திரா நடந்தது. அதில் ராஜாவை விலைக்கு வாங்கிச் சோறு போடுகிறவன் மயானம் காக்கும் வீரபாகு. நந்தனார் நடந்தது. அதில் தாழ்ந்தவன் என்று தள்ளப்பட்டவன் கோயிலுக்குள் போக அழுகிறான். மேடையில் நந்தன் அழுவதைப் பார்த்துத் திண்டில் சாய்ந்திருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். நந்தனுடைய சொந்தப் பேரப்பிள்ளைகள் கொட்டகை வாசலுக்கு வெளியே நின்று, கீற்றுக்கு அந்தப்பக்கம் பாட்டுக் கேட்டார்கள். நந்தன் புகழ்பெற்றான், நந்தனாய் நடித்தவர் புகழ்பெற்றார், நந்தனுடைய ஆட்களுக்கு மாத்திரம் டிக்கெட்டு இல்லை! புகழும் மானமும் வேறுவேறு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இந்த வரி தானாக மறையவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள்; சண்டை போட்டவர்கள் இருந்தார்கள்; சட்டம் வந்தது. அதனால் மறைந்தது. எந்த ராஜபார்ட்டின் புகழும் அதை அழிக்கவில்லை.

நம்மவர் மேடை

நம்மவர்களும் நாடகம் போட்டார்களே, பட்டம் கொடுத்தார்களே என்று யாராவது கேட்டால் நியாயமே. 1940களில் அண்ணாதுரை எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் என்னும் நாடகத்தில் நடித்த வி. சி. கணேசனுக்குச் சிவாஜி என்கிற பெயரைக் கொடுத்தவர் பெரியார்தான். கலைவாணர், நடிகவேள், கலைஞர் என்ற பட்டங்களும் அந்தக் காலத்து மேடைகளில் பிறந்தவையே. நடிகனைக் கூத்தாடி என்று இகழ்ந்த ஊரில், அவனை மேடையில் நிறுத்தி மரியாதை செய்தது அன்றைக்கு அவசியமாய் இருந்தது. ஆனால் பட்டம் கொடுத்த பிறகு பட்டத்தையே கும்பிட ஆரம்பித்துவிட்டால், கோயிலை இடித்து அதே கல்லில் வேறு கோயில் கட்டினது போலாகும். இதை நம்மவர்களுக்கே முதலில் சொல்லவேண்டும்.

எம். ஆர். ராதா அவர்கள் ராமாயண நாடகம் போட்டபோது, மனம் புண்படுகிறவர்கள் வரவேண்டாம் என்றே விளம்பரம் செய்தாரென்று சொல்லுவார்கள். அந்த நாடகத்தை அடக்கவே 1954இல் சர்க்கார் புதிதாய் நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அவருடையதும் விளம்பரமே, நான் மறுக்கவில்லை. கூட்டம் சேர்க்கிற சாமர்த்தியம் அதிலும் உண்டு. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லி, இஷ்டமில்லாதவன் போகலாம் என்று சொன்ன விளம்பரம் அது. பார்க்க வருகிறவனுடைய அறிவுக்கு அது மரியாதை கொடுத்தது. விளம்பரத்தில் யோக்கியமானது எது, அல்லாதது எது என்று பார்க்க இது ஓர் அளவுகோல்.

இந்தப் பக்கத்திலேயே இன்னொன்றும் பார்க்கலாம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பிமார்களைச் சேர்த்துக்கொண்டு கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடினார். தோட்டத் தொழிலாளிகள் அந்தப் பாட்டை மலைக்கு மலை கொண்டுபோனார்கள். அந்தத் தம்பிமார்களில் ஒருவரே இன்று உலகம் அறிந்த இளையராஜா. கூலிக்காரன் தன் கஷ்டத்தை அந்தப் பாட்டில் கேட்டான். அதனால் பாடினவனை நினைவில் வைத்துக்கொண்டான். அப்படிப்பட்ட பெயருக்குப் பட்டம் வேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

இன்றைக்குப் பச்சை நோட்டீசு போய் ஆளுயர பிளெக்ஸ் பேனர் வந்துவிட்டது. கொட்டு வண்டி போய்க் கையில் செல்போன் வந்துவிட்டது. காரியம் மாத்திரம் பழைய காரியமே. நடிகர் படத்துக்குப் பால் ஊற்றுகிறோம். கட்-அவுட்டில் ஏறிக் கீழே விழுந்து உயிர்விட்ட வாலிபர்களும் உண்டு. கல்லுக்குப் பால் ஊற்றாதே என்று நூறு வருஷமாய்ச் சொல்லிவந்த நாட்டில் துணிக்குப் பால் ஊற்றுகிறார்கள் என்றால், கும்பிடுகிற புத்தி போகாமல் கும்பிடப்படுகிற பொருள் மாத்திரம் மாறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆகவே, இளைஞர்களே! ஒரு நோட்டீசைப் பார்த்தவுடன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை அச்சடிக்கப் பணம் கொடுத்தவன் யார்? இதனால் வருகிற லாபம் யாருக்கு? இதில் யாருடைய பெயர் இல்லை? இந்த மூன்று கேள்வி நாடக நோட்டீசுக்கு மாத்திரம் அல்ல. கும்பாபிஷேக நோட்டீசுக்கும், தேர்தல் நோட்டீசுக்கும், பொதுக்கூட்ட நோட்டீசுக்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, சாமி கும்பிடுக்கு நாடகம் வைக்கிற ஊர்க் கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லுகிறேன். நான் நாடகத்துக்கு விரோதி அல்லன். கலை வேண்டும்; மனிதனுக்கு இரவில் கொஞ்சம் சிரிப்பும் பாட்டும் வேண்டும். ஆனால் வருகிற நடிகைக்கு உடை மாற்றக் கதவுள்ள ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். பேசின கூலியை விடிந்தவுடன் இழுத்தடிக்காமல் கொடுங்கள். மேளக்காரரும் ஆர்மோனியக்காரரும் நீங்கள் சாப்பிடுகிற இடத்திலேயே சாப்பிடட்டும். மேடையில் அவரைச் சாமி என்று சொல்லி மாலை போடுவதைவிட, கீழே இறங்கினபின் உட்கார நாற்காலி கொடுப்பது மேல். இரவு முழுவதும் கைதட்டிவிட்டு, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் நடிகையைப் பார்த்துக் கேலி பேசுகிற வாலிபன் இருந்தால், அவனைப் பெற்றவர்களே அவனைக் கேட்கவேண்டும்.

மூன்றாவதாக, நடிகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையில் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. பட்டத்தைவிடச் சங்கம் பெரிது. ஒருவர் பெயர் பெரிய எழுத்தில் வந்தால் அது ஒருவருக்கு ஒரு வருஷத்து லாபம். எல்லோருக்கும் கூலி இவ்வளவு, முதுமைக்கு உதவி இவ்வளவு என்று சேர்ந்து நின்று வாங்கினால் அது உங்கள் பிள்ளைகளுக்கும் மானம். விஸ்வநாததாசுக்கும் பாலாமணிக்கும் கிடைக்காமற்போனது அது ஒன்றேயாகும்.

தோழர்களே! ஒருவனைத் தலைமேல் தூக்கிவைப்பதும் காலடியில் போட்டு மிதிப்பதும் ஒரே புத்தியின் இரண்டு வேலைகள். இரண்டிலும் அவனை நம்மோடு சமமாய் நிறுத்திப் பார்க்க நமக்கு மனம் இல்லை. கடவுளும் வேண்டாம், கூத்தாடியும் வேண்டாம். மேடையில் நிற்பவன் நம்மைப்போல ஒரு மனிதன், தன் தொழிலை நன்றாய்ச் செய்கிறான் என்று பார்க்கிற கண் நமக்கு வந்தால் போதும். அந்தக் கண் வந்த ஊரில் நாடகமும் நன்றாய் இருக்கும். நாடகக்காரனும் நன்றாய் இருப்பான்.